கல்லில் நிற்காத பெயர்

இது நடந்தது. நாலு பேர் வாய் மாறி, கண் காது மூக்கு வைத்து வந்த கதை இல்லை. கல்லெழுத்துக்காரியே என் எதிரில் உட்கார்ந்து சொன்னது. கல்லறைக் கற்களில் பெயர் வெட்டுவது அவள் தொழில். ஓர் எழுத்து பிசகினால் முழுக் கல்லும் வீண். இருபது வருஷம் அப்படி வேலை செய்தவளுக்கு எதையும் கூட்டிச் சொல்ல வராது. கோபம் மட்டும் தாராளமாக வரும்.

அவள் அப்பா போர்வீரர். போர் நடந்தபோது அம்மா சொந்த ஊரை விட்டு ஓடிவந்து, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத இந்த ஊரில் ஒரு வாடகை அறையில் தங்கியிருந்தாள். போர் முடிந்து ஆறு மாதம் கழித்து அப்பா தேடிக் கண்டுபிடித்து வந்து சேர்ந்தார். இரண்டு வருஷத்தில் இவள் பிறந்தாள். ஒரே பெண். அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்புவார். குண்டுச் சத்தத்தில் காது போய்விட்டது என்பாள் அம்மா.

போன வருஷம் அப்பா இறந்துபோனார். முன்னாள் படைவீரர் அலுவலகம், வீரர்களுக்கான பகுதியிலேயே இடம் கொடுத்து அடக்கம் செய்தது. கல்லையும் தாங்களே வைப்பதாகச் சொன்னார்கள். இவள் விடவில்லை.

"எங்கப்பா பேரை மெஷின் வெட்டுறதா? நான் இருக்கேன்ல."

செவ்வாய்க்கிழமை வேலையை ஆரம்பித்தாள். வெள்ளைக் கல். படை எண், பெயர், தேதிகள். பெயரின் கடைசி எழுத்தை முடித்தபோது மணி 3:40. கை கழுவப் போனாள். நாலு நிமிஷம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தால், பெயரின் மேல் கன்னாபின்னாவென்று கீறல்.

பட்டறையில் அப்போது இருந்த ஒரே ஆள், கல்லுக்குப் பாலிஷ் போடுகிறவர். உச்சி முதல் உள்ளங்கால்வரை கல்தூள் அப்பியிருக்கும் என்பதால் எல்லோருக்கும் அவர் தூசி அண்ணன்.

"அண்ணே, இந்தக் கல்லை யார் தொட்டது?"

"நான் இடத்தை விட்டே எழுந்திருக்கலம்மா."

"அப்போ கல்லு தானா சொறிஞ்சுக்கிச்சா?"

பாவம், அவர் மேல் பாய்ந்து என்ன பயன்? படை எண்ணில் கீறல் இல்லை. தேதிகளில் இல்லை. பெயரில் மட்டும். குனிந்து பார்த்தாள். உளி போடுவது ஒற்றைக் கோடு. இங்கே நாலு நாலு கோடுகளாக, பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நகத்தால் பிராண்டியதுபோல.

நகத்தால் கல்லைக் கீற முடியுமா?

புதன்கிழமை புதுக் கல் எடுத்தாள். வெட்டி முடித்ததும் அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு முதலாளியிடம் போய் உட்கார்ந்தாள். 3:45-க்குத் திறந்தாள். பூட்டு அப்படியே இருந்தது. கல்லில் பெயரே இல்லை. அந்த இடம் விரல் ஆழத்துக்குத் தோண்டப்பட்டிருந்தது.

"போர்க்காலப் பகையா இருக்கும்மா" என்றார் முதலாளி. "சில பேர் மறக்கமாட்டாங்க."

"செத்தவர் மேல என்ன பகை? ஆம்பளையா இருந்தா என் கண்ணு முன்னாடி வந்து கீறட்டும்."

அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்று இப்போது சொல்கிறாள்.

வியாழக்கிழமை. மூன்றாவது கல். உள்ளே தாழ் போட்டுவிட்டு, மடியில் சுத்தியலை வைத்துக்கொண்டு கல்லின் எதிரிலேயே உட்கார்ந்தாள். பட்டப்பகல். ஜன்னல் வழியாக வெயில் தரையில் விழுந்திருந்தது. அடுத்த அறையில் தூசி அண்ணனின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

3:38. கல்லில் ஒன்றுமில்லை.

3:39. மெஷின் சத்தம் நின்றது. ஆனால் சுவர் அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. மெஷின் ஓடுகிறது... சத்தம் மட்டும் வரவில்லை.

ஈர மண் வாடை அடித்தது. அவள் பட்டறையில் மண்ணே கிடையாது.

3:40.

கிர்ர்...

முதல் எழுத்தின் வாலில் ஒரு கீறல் விழுந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. மூன்று. நாலு. வெள்ளைத் தூள் மெல்லக் கொட்டியது. கல்லின் எதிரில் யாரும் இல்லை.

கிர்ர்... கிர்ர்...

வேறு யாராக இருந்தாலும் கதவைத் திறந்துகொண்டு ஓடியிருப்பார்கள். இவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. எழுந்து போய் உள்ளங்கையை அகல விரித்து, பெயரின் மேல் வைத்து மூடினாள்.

சத்தம் நின்றது.

அவள் மணிக்கட்டை ஏதோ பிடித்தது.

சில்லென்று... நாலு விரல்.

"என் பேரு."

கட்டைக் குரல். மண்ணை மென்றுகொண்டே பேசுகிற மாதிரி.

"எங்கப்பா பேரு இது" என்றாள். பல் கிட்டியது. கையை எடுக்கவில்லை.

பிடி இறுகியது.

குரல் இப்போது காதோரம்.

"உங்கப்பன் எவன்னு... உங்கம்மாவைக் கேளு."

பிடி விட்டது. மெஷின் சத்தம் மடை திறந்ததுபோல் காதில் பாய்ந்தது. மணி 3:47.

தாழை நீக்கினாள். வாசலில் தூசி அண்ணன் நின்றிருந்தார்.

"உள்ளே யாரும்மா? ஆம்பளைக் குரல் கேட்டுச்சே... உன்னோட சண்டை போட்ட மாதிரி."

அவள் கையை நீட்டிக் காட்டினாள். மணிக்கட்டில் நாலு தடம், கன்றிப்போய்.

நேரே அம்மாவிடம் போனாள். நடந்ததைச் சொன்னாள். அம்மா தடத்தைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போனது. "கல்லே வைக்க வேணாம், விட்டுடு" என்றாள்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள், முன்னாள் படைவீரர் அலுவலகத்திலிருந்து ஒரு குமாஸ்தா அம்மாவைத் தேடி வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா. எல்லைப் பக்கம் குழாய் பதிக்கத் தோண்டினப்போ ஒரு எலும்புக்கூடு கிடைச்சிருக்கு. கழுத்துல தகடு இருக்கு. உங்க வீட்டுக்காரர் பேரு, அவர் எண்."

"அவரைப் போன மாசம் நீங்கதானே அடக்கம் பண்ணீங்க?" என்றாள் மகள்.

"அதைத்தாம்மா நாங்களும் கேக்கறோம். நாங்க அடக்கம் பண்ணினது யாரை?"

குமாஸ்தா போனதும் மகள் கதவைச் சாத்தினாள்.

"நாற்பத்தொரு வருஷம், அம்மா. நாற்பத்தொரு வருஷமா என்கிட்ட பொய் சொல்லியிருக்கே."

அம்மா ரவிக்கையை விலக்கி, கோணலாக ஒட்டியிருந்த கழுத்தெலும்பைக் காட்டினாள். "இது போருக்குப் போனவன் குடுத்தது. கல்யாணமாகி மூணாம் மாசம். வந்தவர் என்னை ஒரு அடி அடிச்சதில்ல. அவன் பேரு, அவனோட பட்டாளத்துப் புத்தகம், நான் அவனுக்கு எழுதின கடிதாசி, எல்லாத்தையும் கையில வச்சுக்கிட்டு வந்து நின்னார். அவர்தான் உங்கப்பா."

"அவர் நிஜப் பேர் என்ன?"

"கேட்டதில்ல."

மகளுக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த டம்ளர் சுவரில் போய் நசுங்கியது. அன்றிலிருந்து அம்மா வீட்டில் அவள் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

எலும்புகளுக்கு வேறு குழி தோண்டினார்கள். அதற்கும் அவளே கல் வெட்டினாள். ஒன்றரை மணி நேர வேலை. 3:40 வந்தது, போனது. ஒரு தூசுகூட அசையவில்லை. அப்பாவின் கல் வெறும் கல்லாக நிற்கிறது. அதில் வெட்ட அவளிடம் பெயர் இல்லை.

ஒரு மாதம் கழித்து அந்த எலும்புகளின் மருத்துவ அறிக்கை வந்தது. மூன்று பக்கம். அம்மாவுக்குப் பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாததால் மகள்தான் படித்துக் காட்டினாள். வயது, உயரம், பல்வரிசை... இரண்டு பக்கம் முடிந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பியவள் பாதி வரியில் நிறுத்திவிட்டாள். சுட்டது எதிரியின் குண்டு இல்லை. நம் படையினருக்குக் கொடுத்த துப்பாக்கியின் குண்டு. கிட்டே நின்று சுட்டது. எங்கே சுட்டது என்பதை அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை.

அம்மாதான் கேட்டாள்.

"பின்னந்தலையிலதானே?"

மகள் காகிதத்தைக் கீழே வைத்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"வந்த அன்னைக்கே வாசல்ல நின்னு சொல்லிட்டார்" என்றாள் அம்மா. "நான்தான் உள்ளே வாங்கன்னேன்."