சீரில் வந்த கடிகாரங்கள்

எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியின் ஆண்டு விழா சம்பா அறுவடை முடிந்த பிறகுதான் நடக்கும். அப்போதுதான் ஊரில் கொஞ்சம் காசு புழங்கும். கல்யாண வீட்டுக்குப் போவதைப் போலவே மேளம் முன்னால் போக, தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குச் சீர் கொண்டுபோவோம்.

அந்த வருடம் நான் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. பத்தாவது வரை படித்துவிட்டு நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. என் மகள் அங்கே ஆறாவது படித்ததால் பிடித்துப் போட்டுவிட்டார்கள்.

விழாவில் தலைமை ஆசிரியை ஆண்டறிக்கை வாசித்தார். ஒழுகிய வகுப்பறைக்குக் கூரை மாற்றியாயிற்று. மூன்றாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் தமிழ் வாசிக்கிறார்கள். கழிவறைக்குத் தண்ணீர் இன்னும் வரவில்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது அவர் குரல் இறங்கியது. ஒன்றியத்துப் பள்ளிகளுக்கெல்லாம் நடந்த கூட்டத்தில் சொல்லிவிட்டார்களாம். இந்தத் தடவை புதுப் பிள்ளைகள் சேராவிட்டால் கணக்கு ஆசிரியர் உபரி. வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள்.

பின்னக் கணக்கைப் பார்த்தாலே அழுத என் மகள், அந்தக் கணக்கு ஆசிரியர் வந்த பிறகுதான் அடுப்படியில் தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல பாதி எடுத்தா முழுக் காயில கால் பங்கும்மா" என்கிறாள்.

விழா முடிந்து சீர்ப் பொருட்களை அடுக்கும்போது பார்த்தால் எங்கும் சுவர்க் கடிகாரம். பள்ளிக்கூடத்துக் கடிகாரம் நின்றுவிட்டது என்று யாரோ சொல்லப்போக, ஒருவரையொருவர் கேட்காமல் ஆளுக்கொன்று வாங்கிவிட்டார்கள். வாங்கியவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் நன்னிலத்துத் தனியார் பள்ளிக்கு வேனில் போகிறவர்கள்.

ஒன்றை மாட்டினோம். மற்றவை மேசையில் கிடந்தன.

"டீச்சர், நான் இத எடுத்துட்டுப் போறேன்" என்றேன்.

"எங்கம்மா?"

"குடுத்தவங்க வீட்டுக்குத்தான்."

அவர் பதறிவிட்டார். "சீரத் திருப்பலாமா? உறவே அறுந்துபோன மாதிரி ஆயிடுமேம்மா!"

எனக்கும் அது தெரியும். தெரிந்துதான் மளிகைக் கடைக்காரரின் கடிகாரத்தைப் பையில் போட்டேன். வாய்க்கால் கரை நெடுக அது பைக்குள் டிக் டிக்கென்றது. திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை நின்றேன்.

கடை வாசலில் ஆட்கள் இருந்தார்கள். கடிகாரத்தைக் கல்லாவின் மேல் வைத்தேன்.

கடைக்காரர் முகம் சிவந்துவிட்டது. "என்னக்கா இது? நல்ல கம்பெனி பாத்து வாங்கினேன். சீரத் திருப்பி மூஞ்சில அடிக்கிறீங்களா?"

"தலைவியம்மா ஆச்சே, செய்வாங்க" என்றார் பீடி வாங்க வந்த ஒருவர்.

நான் நகரவில்லை. "கோவிச்சுக்காதீங்க தம்பி. மேளம் வச்சு சீர் கொண்டாந்தீங்க. பொண்ணையோ மாப்ளையையோ அனுப்பாம சீர மட்டும் அனுப்பினா அது என்ன சம்பந்தம்? உங்க புள்ள எங்க பள்ளிக்கூடத்துக்கு வரட்டும், கடியாரத்த நானே வந்து வாங்கிக்கிறேன்."

பீடிக்காரர் சிரித்தார். கடைக்காரர் சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "அக்கா சொல்றதுல என்ன தப்பு? சின்னவன் வேன்ல வாந்தி எடுத்தே பாதி நாள் போறதில்ல."

"நீ சும்மா இரு" என்றார் அவர். என்னிடம், "பாப்போம்க்கா" என்றார். கடிகாரம் கல்லா மேலேயே இருந்தது. நான் வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் சேர்க்கை தொடங்கிய அன்று காலையில் கடைக்காரர் பள்ளி வாசலில் சைக்கிளை நிறுத்தினார். முன்னால் சின்ன மகன், பின் கேரியரில் கயிறு போட்டுக் கட்டிய கடிகாரம்.

"இந்தாங்கக்கா, மாப்ள. இந்தாங்க, சீர். இனிமே திருப்பினீங்கன்னா பாருங்க!"

தலைமை ஆசிரியை சிரித்துக்கொண்டே பையனைக் கூட்டிப்போனார். ஒரு பிள்ளையால் கணக்கு ஆசிரியர் தங்கிவிட மாட்டார் என்பது எனக்குத் தெரியும். மேசையில் கிடந்தவற்றில் அடுத்த கடிகாரத்தை எடுத்துத் துடைத்தேன். அது நெல் வியாபாரி வீட்டுச் சீர். அவருக்கு வேனில் போகிற இரண்டு பெண் பிள்ளைகள், குரலும் பெரிசு. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.