கொடுத்துவிட்ட காரல்

காலையில் சந்தைப் பக்கம் போனேன். ஐஸ் பெட்டிக்குள் காரல் கிடந்தது. விரல் நீளத்தில், தட்டையாக, உடம்பெல்லாம் வெள்ளி பூசின மீன். ஒன்றை எடுத்து வாயை மெல்ல இழுத்தேன். குழல் மாதிரி முன்னால் நீண்டது, பால் தேடுகிற பிள்ளையின் உதடு போல. விற்கிறவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். ஐம்பதை நெருங்குகிறவன் மீனோடு விளையாடினால் பார்க்கத்தானே செய்வான். கால் கிலோ வாங்கிக்கொண்டேன்.

வாய் நீளுவதை எனக்குக் காட்டியவள் செலின்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், அறுபதுகளின் தொடக்கம். கேரள எல்லையில், புளியறை செக்போஸ்டில் எனக்கு முதல் வேலை. லாரிகளின் சீட்டைப் பார்த்து, குறுக்குக் கம்பைத் தூக்கச் சொல்ல வேண்டும். உலகமே என்னைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். நான் மட்டும் அங்கேயே நிற்பேன். தென்காசியில் ஒரு வளவின் கடைசி அறையில் குடியிருந்தேன். பக்கத்து அறையில் செலின், தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி, கைப்பிள்ளையோடு. புருஷன் லாரி டிரைவர். மலைக்கு அந்தப் புறம் கொல்லத்துக்குப் போனவன், பிள்ளை பிறந்த பிறகு ஒரே ஒரு தடவைதான் வந்தானாம். அங்கே அவனுக்கு வேறொரு வீடும் இருக்கிறதாம். வளவுக்குள் எல்லாமே 'ஆம்' போட்டுத்தான் பேசுவார்கள்.

பிள்ளைக்குப் பால் போதவில்லை. சுவருக்கு அந்தப் புறம் அது அழும். இந்தப் புறம் நான் கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். ஒருநாள் கிணற்றடியில் செலின் கேட்டாள்.

"அண்ணாச்சி, செக்போஸ்டுலதான இருக்கிய. அவிய லாரி வந்தா, காரல் வாங்கிக் குடுத்துவிடச் சொல்லுங்க. காரல் சாறு குடிச்சா பால் ஊறும். எங்க ஊர்ல பிள்ளை பெத்தவளுக்கு அதான்."

லாரி நம்பரையும் சொன்னாள். அந்த நம்பர் வரவே இல்லை. பொறுக்க மாட்டாமல், மரக்கட்டை ஏற்றிவரும் வாசு என்ற மலையாள டிரைவரிடம் சொன்னேன். அடுத்த நடையிலேயே தேக்கிலையில் பொதிந்து கொண்டுவந்துவிட்டான். "குட்டிக்கல்லே, சாரே" என்றான். பிள்ளைக்குத்தானே என்று. திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னைச் சுற்றி இடம் தாராளமாக இருந்தது.

அந்தக் காலத்தில் ஒருவன் பொட்டலத்தோடு தெருவில் நடந்தால் என்ன விலை என்று கேட்க மாட்டார்கள். யார் கொடுத்துவிட்டது என்றுதான் கேட்பார்கள். வளவு வாசலில் வீட்டுக்காரம்மாவும் அதையே கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து செலின் உரக்கச் சொன்னாள்:

"அவியதான் குடுத்துவிட்டிருக்காவ, அக்கா!"

"பாத்தியாட்டி, மாப்பிளைக்கு நெனப்பு இருக்கத்தான் செய்யுது. நானும் என்னெல்லாமோ பேசிட்டேன்."

பொட்டலத்தை வாங்கும்போது செலின் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் வந்தானா என்று கேட்கவும் இல்லை. அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை. ஒரு மீனின் வாயை இழுத்துப் பிள்ளைக்குக் காட்டினாள். "ஏலே, பாரு, ஒன்னய மாதிரியே நீட்டுது!"

பிறகு வாரம் தவறாமல் காரல் வந்தது. அழுகை குறைந்தது. அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனாள். மிஞ்சின மீனை, கடற்கரைப் பழக்கத்தில், முற்றத்தில் காயப்போட்டாள். குற்றாலத்து மலையிலிருந்து சாரல் இறங்குகிற மாதம். வேட்டியே காயாது, மீன் எங்கே காயும்? வளவே மூக்கைப் பொத்திக்கொண்டது.

"ஒம் மாப்பிளைய, அப்படியே வெயிலையும் குடுத்துவிடச் சொல்லுட்டி" என்றாள் வீட்டுக்காரம்மா. எல்லாரும் சிரித்தார்கள். செலினும் சிரித்தாள். நான் ஈர வேட்டியை மறுபடியும் பிழிந்துகொண்டிருந்தேன்.

ஆவணியில் அவள் தம்பி வந்து ஊருக்கு அழைத்துப் போனான். ஸ்டேஷனில், பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "வாரேன் அண்ணாச்சி. அவியளப் பாத்தா, காரல் ரொம்ப நல்லாயிருந்துச்சுன்னு சொல்லுங்க."

"சொல்லுதேன்" என்றேன்.

அவள் போய்விட்டதை வாசுவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் கொண்டுவந்தான், நான் வாங்கினேன். "இன்னுமா குடுத்துவிடுதான்?" என்றாள் வீட்டுக்காரம்மா. "ஆமாக்கா." உள்ளே போய், அழுகை இல்லாத சுவர்ப் பக்கம் உட்கார்ந்து, தனியாகச் சாறு குடித்தேன். மீனா அது, பாதி முள்.

வளவு இருந்த இடத்தில் இப்போது லாட்ஜ். வாசுவின் லாரி எப்போதோ நின்றுபோயிற்று. காரல் மட்டும் தினமும் வருகிறது. இன்றைக்குப் பொட்டலத்தோடு அந்தத் தெரு முழுக்க நடந்தேன், வேண்டுமென்றே மெதுவாக. விரல்களில் வெள்ளி ஒட்டியிருந்தது. வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். யார் கொடுத்துவிட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை.