வெறுஞ்சாக்குப் பாடம்

எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியிருந்த பசுமாடு, ஆடி மாதம் பிறந்ததும் எருமையாகிவிடும். அம்மா அதை வெள்ளையாகத்தான் வரைந்திருந்தாள். கூடலூருக்கு அந்தப் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் விட மனசே வராது. சுவர் வேர்க்கும், சார்ட் ஊறும், மை இறங்கும், இறங்கிய மையின் மேல் பூசணம் பூக்கும். இரண்டு வருஷம் மழையோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு அம்மா படம் வரைவதையே விட்டாள். அதற்குப் பிறகு கையில் கிடைத்ததெல்லாம் பாடமாயிற்று. கற்பூர மரத்துக் காய்களைப் பத்துப் பத்தாகக் கோத்து எண்ண வைத்தாள். இரண்டு கொட்டாங்கச்சிகளைக் குச்சியில் கட்டித் தராசாக்கினாள். ஏழாம் வாய்ப்பாடு யாருக்கும் ஏறவில்லை என்றதும் முழு வகுப்பையும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போய், வரிசைக்கு ஏழு செடி என்று தொட்டுத் தொட்டு எண்ண வைத்தாள். எனக்குப் படிப்பு வந்ததோ இல்லையோ, அட்டை கடித்தது நன்றாக நினைவிருக்கிறது.

அது ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளி. ஒரே அறை, ஒரே டீச்சர். அந்த டீச்சர் என் அம்மாவாக இருந்தது என் தலையெழுத்து. பள்ளிக்கூடத்தில் அவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிட வேண்டும். ஒருமுறை வாய்தவறி 'அம்மா' என்றுவிட்டேன்; வகுப்பே ஒரு வாரத்துக்கு என்னை அந்தக் குரலிலேயே கூப்பிட்டது.

அம்மாவுக்கு அந்த வேலை தற்காலிகம்தான். அப்பா இறந்த பிறகு நாங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் பெரியப்பா வீட்டில் இருந்தோம். பெரியம்மா கெட்டவள் இல்லை. ஆனால் என் தட்டில் மோர் ஊற்றும்போது மட்டும் கரண்டி அவள் கையில் ஒரு கணம் நின்று யோசிக்கும். மலைக்கு வந்த பிறகு எங்களுக்கு ஓர் அறையும் ஒழுகும் கூரையும்தான் சொத்து. ஆனால் மோர் எங்கள் மோர். நான் இரண்டு டம்ளர் குடித்தேன், யாரும் பார்க்கவில்லை.

மூன்றாவது வருஷம் கடிதம் வந்தது. வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார், மூன்றாம் வகுப்புக்கு 'எடை' பாடத்தை மாதிரி வகுப்பாக நடத்திக்காட்ட வேண்டும், துணைக்கருவிகள் சூழலிலிருந்து எடுத்தவையாக இருக்க வேண்டும். அன்றைக்கு அவர் எழுதும் நாலு வரியைப் பொறுத்துத்தான் அம்மாவின் வேலை நிரந்தரமாகும். ஆகாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெரியப்பா வீடு. அந்த வாரம் முழுவதும் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. நான் மோரைப் பார்க்கும்போதெல்லாம் பெரியம்மாவின் கரண்டியை நினைத்துக்கொண்டேன்.

கொட்டாங்கச்சித் தராசு இன்ஸ்பெக்டருக்குப் போதாது என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு அடுத்த கொட்டகையில்தான் தினமும் பெண்கள் பறித்த கொழுந்தை நிறுத்து, கிலோ கணக்கில் கூலி எழுதுவார்கள். அங்கே கடிகாரம் போல முகமும் முள்ளும் உள்ள ஒரு பெரிய வட்டத் தராசு தொங்கும். அதை ஒரு மணி நேரத்துக்கு இரவல் கேட்டு அம்மா, அங்கே நிறுத்து எழுதும் சூப்பர்வைசரிடம் போனாள். அவர் தாராளமாக ஒப்புக்கொண்டார். தானே கொண்டுவந்து உத்தரத்தில் மாட்டியும் கொடுத்தார். மாட்டிவிட்டுப் போகாமல், இன்ஸ்பெக்டர் கண்ணில் படும்படி கதவோரம் கைகட்டி நின்றார். நல்ல காரியம் செய்கிறவர்களுக்கு அதை யாராவது பார்க்க வேண்டும் என்று இருக்கும் அல்லவா.

கொழுந்து எடுக்கும் அக்கா ஒருத்தியிடம் அம்மா ஒரு சாக்கு வாங்கினாள். உரம் வந்த பிளாஸ்டிக் சாக்கு. தோட்டத்தில் எல்லோரும் அதில்தான் கொழுந்து கட்டுவார்கள். பாய் கடையில் உருளைக்கிழங்கு வாங்கி, சாக்கோடு சேர்த்துச் சரியாகப் பத்துக் கிலோ வரும்படி நிரப்பினாள். எனக்கு ஒரே ஓர் உத்தரவு.

"நீ கையைத் தூக்கக்கூடாது கண்ணு. டீச்சர் புள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துக் கூட்டியாந்துட்டாங்கன்னு பேராயிரும்."

இன்ஸ்பெக்டர் குரங்குக் குல்லாயும் மஃப்ளருமாக ஜீப்பிலிருந்து இறங்கினார். மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது. அதற்குள் காலை நிறுவைக்கு இறங்கி வந்த பெண்கள், தராசைக் காணாமல் பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே மூட்டைகளோடு வந்து நின்றுவிட்டார்கள். உள்ளே அவரவர் பிள்ளைகள் வேறு. ஜன்னல் முழுவதும் முகங்கள்.

அம்மா கொட்டாங்கச்சியில் தொடங்கி, எது கனம், எது லேசு என்று அழகாகத்தான் கொண்டுபோனாள். பிறகு மூட்டையைத் தூக்கிப் பெரிய தராசின் கொக்கியில் மாட்டினாள். முள் ஆடி ஆடிப் பத்தில் நின்றது. குழந்தைகளை அருகே அழைத்து முள்ளைப் பார்க்கச் சொன்னாள்.

"மூட்டை எத்தனை கிலோ? எல்லாரும் சொல்லுங்க."

"எட்டு!"

ஒரு குரல்கூட மாறவில்லை. கூரை அதிர எட்டு என்றார்கள். பத்து என்று தெரிந்த ஒரே ஜீவன் நான். எனக்குத்தான் வாயைத் திறக்க உத்தரவில்லை. பாவிகளா, எங்கள் மோரில் மண்ணைப் போட்டுவிட்டீர்களே என்று மனசுக்குள் ஒவ்வொருவனையும் திட்டினேன். இன்ஸ்பெக்டர் மஃப்ளரைக் கீழே இறக்கினார். அம்மா முள்ளுக்குக் கீழே விரலை வைத்தாள்.

"முள்ளை நல்லாப் பாருங்க. எதுல நிக்குது?"

"பத்துல டீச்சர்."

"அப்புறம் எப்படி எட்டுன்னீங்க?"

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, இதுகூடத் தெரியாதா என்பது போல அம்மாவைப் பார்த்தாள். "சாக்குக்கு ஒண்ணு, ஈரத்துக்கு ஒண்ணு. ரெண்டு கழிச்சா எட்டுத்தானுங்க டீச்சர்."

அவள் சாயங்காலங்களில் தன் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு கொட்டகையில் நிற்கிறவள். அந்த வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். முள் பத்தில் நின்றால் சத்தமாகச் சொல்ல வேண்டியது எட்டு என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். தராசு அவர்களுக்குப் புதிதில்லை, நாங்கள்தான் புதியவர்கள்.

இன்ஸ்பெக்டர் முதல்முறையாக வாயைத் திறந்தார். "உருளைக்கிழங்குல ஏதும்மா ஈரம்?"

"மழ இல்லாட்டியும் ஈரத்துக்குக் கழிப்பாங்க சார்" என்றான் பின்வரிசையிலிருந்து ஒருவன்.

கதவோரம் சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். அம்மா ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு மூட்டையை இறக்கி, கிழங்கை எல்லாம் தரையில் கொட்டினாள். நான் பயந்தே போனேன். கோபத்தில் கொட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளோ வெறுஞ்சாக்கை உதறி மடித்து அந்தச் சிறுமியின் கையில் கொடுத்தாள்.

"சாக்கு எத்தனை கிலோன்னு நீயே மாட்டிப் பாரு சாமி."

ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு ஏற்றிவிட்டார்கள். சிறுமி சாக்கை மாட்டினாள். முள் அசைந்த மாதிரி இருந்தது, ஆனால் முதல் கோட்டைத் தொடவில்லை. எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒரு கோடு கால் கிலோ என்று அம்மா சொன்னாள்.

"கால் கிலோகூட இல்லீங்க டீச்சர்!"

"அப்ப சாக்குக்கு ஒரு கிலோ கழிக்கலாமா?"

"கூடாது!" என்றது வகுப்பு. ஜன்னலுக்கு வெளியேயும் ஒரு குரல் சேர்ந்து கேட்டது. குழந்தைகள் பலகையில் கழித்தார்கள், கூட்டினார்கள், ஈரக் கொழுந்தை எப்படி நிறுக்க வேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். அப்படி ஒரு சத்தமான கணக்கு வகுப்பை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. நடுவில் ஃபேக்டரியில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுச் சூப்பர்வைசர் போய்விட்டார்.

மணி அடித்ததும் இன்ஸ்பெக்டர் அம்மாவின் பாடக்குறிப்பைப் புரட்டினார். "டீச்சர், வெறுஞ்சாக்கு நிறுக்கறது இதுல இல்லையே?"

"இல்லீங்க சார். புள்ளைங்க சொன்னதுனால வந்ததுங்க."

அவர் சிரித்தாரா என்று மஃப்ளருக்குள் தெரியவில்லை. பதிவேட்டில் நாலு வரி அல்ல, ஏழு வரி எழுதினார். கடைசி வரியில் பணி நிரந்தரத்துக்குப் பரிந்துரை இருந்தது. ஜீப் வளைவில் மறையும்வரை அம்மா நின்றாள். பிறகு கொட்டிக் கிடந்த கிழங்குகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய், வகுப்பு கலைந்துவிட்டது என்ற தைரியத்தில், "அம்மா" என்று கட்டிக்கொண்டேன். இருவரும் அழுதோம். பெரியப்பா வீடு இல்லை, கரண்டி இல்லை, இனி மோர் எங்கள் மோர்தான்.

அன்று சாயங்காலம் எங்கள் வாசலில் ஒரே கூட்டம். ஜன்னலில் நின்ற அதே பெண்கள். ஒருத்தி மடி நிறைய மேரக்காய் கொண்டுவந்தாள், ஒருத்தி பட்டர் பழம், ஒருத்தி தாவணித் துணியில் சுற்றி நாலு முட்டை. அம்மாவின் வேலை நிலைத்ததற்கு இத்தனை சீரா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாங்கி வாங்கி உள்ளே வைத்தேன். சிலோனிலிருந்து வந்த வயதான அக்கா ஒருத்தி மட்டும் கிளம்பாமல் நின்றாள்.

"டீச்சரம்மா, எங்களுக்கும் அந்தப் பாடத்த ஒருக்கா நடத்துவீங்களா? சாக்குக்கு எதுக்கு ஒரு கிலோன்னு கொட்டகையில நின்னு தடுமாறாம கேட்கணும்."

"தராசு இனிமே எனக்குத் தர மாட்டாங்கக்கா" என்றாள் அம்மா. "ஆனா பாடம் நடத்தறனுங்க. நாளைக்கு எல்லாருமே வாங்க."

மறுநாள் வேலை முடிந்து பதினாறு பேர் வந்து, எங்கள் சின்ன பெஞ்சுகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்றவர்கள், இந்த வயதில் மூன்றாம் வகுப்புக் கழித்தலைப் படித்து என்ன செய்யப் போகிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது.