புதுத் தளத்தில் முதல் கால்

படகின் தளம் இற்றுப்போயிருந்தது எனக்கு முன்னமே தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை பாயைக் கட்டப் போனபோது பலகை உடைந்து வலது கால் முழங்கால்வரை உள்ளே இறங்கிவிட்டது. தூக்கிவிட ஆள் இல்லை. எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை ஒரு சுற்றுச் சொல்லி முடித்துவிட்டு, காலை நானே மெல்ல உருவிக்கொண்டேன். திட்டுவதைக் கேட்கக்கூடப் பக்கத்தில் யாரும் இல்லாததுதான் காலைவிட அதிகமாக வலித்தது.

எங்கள் ஊர் தடாவுக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரிக் கரையில். நைனா செத்ததும் படகு அண்ணனுக்கும் எனக்கும் சரிபாதியாக வந்தது. அண்ணன் கல்யாணமானதும் ரேணிகுண்டா போய் ரயில்வே யார்டில் மூட்டை தூக்கும் வேலையில் சேர்ந்துவிட்டான். போகும்போது, "ஓட்டைப் படகுல எவன்டா உயிரை விடுவான்? நல்லா ரிப்பேர் பண்ணு, வந்துடறேன்" என்றான். பேச்சுக்குச் சொன்னானோ என்னவோ, நான் அதை வாக்காகவே எடுத்துக்கொண்டேன்.

எந்தக் கிராமம் ஆந்திராவுக்கு, எந்தக் கிராமம் மதராசுக்கு என்று ஊர் முழுக்கப் பேசித் தீர்த்துக்கொண்டிருந்த காலம் அது. வலை காயப்போட்ட இடத்திலும் அதே பேச்சுதான். ஏரி எந்தப் பக்கம் போனாலும் பாயைப் பிடிக்க ஒருவன், வலையை இழுக்க ஒருவன் வேண்டும். எனக்கு அண்ணன் திரும்பி வந்தால் போதும்.

சத்தியவேட்டிலிருந்து மருதப் பலகையோடு ஆசாரி வந்து சேர்ந்தார். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. படகுக்குப் புதுத் தளம் போட்டால் மூத்த பிள்ளைதான் அதில் முதலில் கால் வைக்க வேண்டும். அதுவரை வேறு யார் காலும் படக் கூடாது. இதைக் கேட்டதும் ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"கர்மரா பாபு, என் தலையெழுத்து! ஏறாம எப்படிய்யா ஆணி அடிக்கிறது? பறந்துக்கினு அடிக்கவா?"

"குறுக்குச் சட்டத்து மேல நின்னுக்கினு அடி."

பழைய பலகைகளைப் பெயர்த்தால் கையோடு மாவாக வந்தது. நல்லவேளை, குறுக்குச் சட்டங்கள் கெட்டியாக இருந்தன. அவற்றின்மேல் நின்று முன்பக்கத்திலிருந்து ஒவ்வொரு பலகையாக அடித்துக்கொண்டே பின்வாங்கினோம். இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தை ஊற்றும்போதுதான் கூத்து. வெளியே பெட்டிகளை அடுக்கி அதன்மேல் ஏறி, விளிம்பில் வயிறு அழுந்த எக்கி எக்கி ஊற்றினோம். ஆசாரி என் அண்ணனை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் வேலை முடிவதற்குள் அவனை வண்டி வண்டியாகத் திட்டிவிட்டார்.

தடாவில் மீன் கூடையோடு ரயிலேறி ரேணிகுண்டாவில் விற்றுவரும் ஒரு அம்மா இருந்தாள். அவளிடம் சொல்லியனுப்பினேன். "பண்டிகை போவட்டும், வரேன்னு சொல்லிச்சு உங்க அண்ணன்" என்று வந்து சொன்னாள். பண்டிகை போனது. மழை இறங்கி, ஏரியில் இறால் வந்தது. மற்ற படகுகள் எல்லாம் போய்விட்டன. நான் மட்டும் கரையில் என் படகின் நிழலில் உட்கார்ந்திருந்தேன். தளத்தில் காக்கையைக்கூட உட்காரவிடவில்லை. கல்லை விட்டெறிந்து துரத்துவேன். சாயங்காலம் கூடைக்காரம்மா போகிற போக்கில், "சோறு துன்னியா?" என்று கேட்பாள். பல நாட்களில் என்னிடம் யாராவது பேசியது அவ்வளவுதான். தனியாக இருக்க எனக்குப் பயமாக இருந்தது. அதை இப்போது சொல்ல வெட்கமில்லை.

ஒரு நாள் மத்தியானம் அண்ணன் வந்தான். கையில் குடை, காலில் தோல் செருப்பு, உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. நான் ஓடிப்போய்க் கற்பூரம் கொண்டுவந்து ஏற்றினேன். தளத்தின் முன்பலகையில் குங்குமம் வைத்தேன்.

"நீதான் முதல்ல ஏறணும்ண்ணா" என்றேன்.

ஏறினான். செருப்பைக் கழற்றாமலே ஏறினான். குதிகாலால் ரெண்டு தட்டுத் தட்டிப் பார்த்து, "கெட்டியாத்தான்டா கீது" என்றான். பிறகு குடையை ஊன்றிக்கொண்டு ஏரியைச் சுற்றிப் பார்த்தான், ரயிலில் வந்த யாத்ரீகன் மாதிரி.

படகில் செருப்புக் காலோடு எங்கள் ஊர்ச் சின்னக் குழந்தைகூட ஏறாது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. அது முகத்திலேயே தெரிந்தது. வேண்டுமென்று செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவனுக்கு மறந்தே போயிருந்தது. "எப்போ வர்றே?" என்று கேட்க இத்தனை நாளாகக் காத்திருந்தவன், "எப்போ போவறே?" என்று கேட்டேன்.

"சாயங்காலம் வண்டிக்குப் போவணும்டா" என்றான்.

தடா ஸ்டேஷன்வரை கூடப்போய் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக என் தோளைத் தட்டி, "நல்லா பண்ணிக்கீறடா" என்று சிரித்தான். வண்டி போனபின் கரைக்கு வந்தேன். தளம் முழுக்க அவன் செருப்பு மண். ஒரு வாளி தண்ணீர் மொண்டுகொண்டு ஏறிக் கழுவினேன். புதுத் தளத்தில் நான் முதன்முதலாகக் கால் வைத்தது அதற்காகத்தான்.