குடைக்குக் கீழே தெரிந்த கால்கள்

கட்டுக்கதை வேண்டும் என்பவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். இது நடந்தது. தரங்கம்பாடியில், பட்டப்பகலில், வெயில் மண்டையைப் பிளக்கிற உச்சிப்பொழுதில் நடந்தது. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும், மல்லிகைப்பூ வாசத்தோடுதான் வரும் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். உச்சிவேளையில் ஆளில்லாத தெருவுக்குள் போகாதே என்று நம் பக்கத்தில் சும்மாவா சொல்லி வைத்தார்கள்?

இதை எனக்குச் சொன்னவர் உத்திராபதி. திருக்கடையூருக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் பண்ணையாள். பொய் சொல்ல வராத மனுஷர். வந்திருந்தால் அந்தப் பண்ணையிலேயே கொஞ்சம் முன்னுக்கு வந்திருப்பார். அன்றைக்குக் கூட இருந்த ஜெக்கரியாவையும் பிடித்துக் கேட்டுவிட்டேன். அவரும் அப்படியேதான் சொன்னார், ஒரே ஒரு இடத்தைத் தவிர. அதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

ஆட்சி மாறி இரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். மேடைக்கு மேடை எல்லாரும் சமம் என்று பேச்சு. களத்துமேட்டில் மட்டும் கூலி நெல் அளக்க அதே பழைய மரக்கால்தான். கொஞ்சம் கூட்டிக் கேட்டால் மிராசுதார்கள் வெளியூர் ஆளை இறக்குவார்கள். இறங்க விடமாட்டோம் என்று பண்ணையாட்கள் வரப்பில் சிவப்புக் கொடியை ஊன்றுவார்கள். அப்புறம் அடிதடி, போலீஸ், கேஸ். அந்த வருஷம் தாளடி அறுப்பில் உத்திராபதியின் ஊரிலும் அதுவே நடந்தது. மிராசுதாரின் காரியக்காரர் மண்டை உடைந்தது. உடைத்தது யாரென்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். பெயர் மட்டும் மாரியப்பன் மேல் விழுந்தது.

மாரியப்பன் உத்திராபதிக்கு ஒரே மகன். தவமிருந்து பெற்ற பிள்ளை. அவர்கள் தெருவில் மிராசுதார் எதிரே தோளில் துண்டோடு நடந்த முதல் ஆள் அவன்தான். மற்றவர்கள் எல்லாம் அவர் கார் தூரத்தில் புழுதி கிளப்பும்போதே துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். உத்திராபதியும் அப்படித்தான். "எறக்கிடுடா சாமி, ஒரு துண்டுதானேடா" என்று மகனிடம் எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறார். அவன் சிரிப்பான். "துண்டு எறங்கிச்சுன்னா அது நான் இல்லன்னு வச்சுக்கப்பா" என்பான்.

அடிதடி நடந்த அன்றே அவனை அவனுடைய சிநேகிதன் அப்துல் வஹாப் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். வஹாபின் வீடு தரங்கம்பாடி ராஜா வீதியில். அந்தக் காலத்து டேனிஷ்காரர்கள் கட்டிய பெரிய வீடு. அங்கே வஹாபின் அம்மா சைத்தூன் பீவி மாரியப்பனை உள்ளறையில் வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். இது உத்திராபதிக்கும் அவர் மனைவி ராஜம்மாளுக்கும் மட்டும் தெரியும்.

சித்திரை பிறந்து சில நாள். காலையில் பண்ணை மாட்டுக்கொட்டகையில் சாணி வழித்துக்கொண்டிருந்தார் உத்திராபதி. சுவருக்கு அந்தப் பக்கம் கணக்குப்பிள்ளையின் குரல் கேட்டது.

"பையன் தரங்கம்பாடியிலதான் கெடக்கான். ராஜா வீதியில எந்த வீடுன்னுதான் தெரியல. மத்தியானத்துல தெருவே அசந்து கெடக்கும். வீடு வீடா நொழைஞ்சு பாத்துடுங்க. போலீசுக்குப் போக வேணாம். நேரா இங்க கொண்டாந்துடுங்க."

நேராக இங்கே. அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பண்ணையில் வேலை பார்த்தவருக்குத் தெரியாதா? சாணிக்கூடையை அப்படியே போட்டார். ராஜம்மாளிடம்கூடச் சொல்லவில்லை. வரப்பு வரப்பாக ஓடினார். வழியெல்லாம் "மாரியாத்தா, அவங்களுக்கு முந்தி என்னைக் கொண்டு சேத்துடு" என்று அழுதுகொண்டே ஓடினார்.

தரங்கம்பாடிக்குள் நுழைய ஒரு பெரிய கோட்டைவாசல் உண்டு. வெள்ளை மதில், மரக்கதவு. அதைத் தாண்டினால் ராஜா வீதி நூல் பிடித்த மாதிரி கடல் வரைக்கும் போகும். அந்த வாசல் ஓரத்தில் மிராசுதாரின் கறுப்புக் கார் நின்றது. உள்ளே நாலு பேர். நாலு பேரும் உத்திராபதியை நன்றாக அறிந்தவர்கள். இவர் எந்த வீட்டுப் படி ஏறுகிறாரோ அந்த வீட்டை அவர்கள் பிடித்துவிடுவார்கள். ஏறாமல் இருந்தாலும் உச்சிவேளையில் தேடத்தான் போகிறார்கள். புளியமரத்துக்குப் பின்னால் நின்று மனுஷர் தவித்துப் போனார்.

அப்போதுதான் ஜெக்கரியாவைப் பார்த்தார். சைத்தூன் பீவியின் தம்பி. கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். ஊரைப் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களைக் கோட்டைவாசலில் சேர்த்துக்கொண்டு, கதை சொல்லிக்கொண்டே கடல்வரை நடத்திக் காட்டுவது அவர் தொழில். ஈஸ்டர் கழிந்த வாரம் என்பதால் அன்றைக்கு நல்ல கூட்டம்.

உத்திராபதி விஷயத்தைச் சொன்னதும் ஜெக்கரியாவின் முகம் வெளுத்துவிட்டது.

"வஹாபும் ஊர்ல இல்லையே. வக்கீலப் பாக்க மாயவரம் போயிருக்கான். சரி, எங்கூட வாங்க பெரியவரே. அந்த வயசான வெள்ளைக்காரம்மாவுக்குக் குடை புடிச்சுக்கிட்டு கடைசியா வாங்க. குடையத் தாழ்த்திப் புடிங்க, மொகம் தெரியாது. அக்கா வீட்டு வாசல்ல எல்லாரையும் நிறுத்தி நான் பேசிக்கிட்டே இருப்பேன். கூட்டம் மறைச்சுக்கும். சந்து வழியா கொல்லைக்குப் போயி தம்பிய மீனவர் தெருப் பக்கம் கெளப்பி விட்டுடுங்க."

"தெய்வம் மாதிரி வந்தீங்கய்யா."

"தெய்வத்த அப்புறம் கும்பிடலாம். மொதல்ல இந்தச் சட்டையப் போடுங்க." தன் சைக்கிளில் கிடந்த காக்கிச் சட்டையை எடுத்துக் கொடுத்தார்.

நடை ஆரம்பித்தது. கோட்டைவாசலைத் தாண்டும்போது காரில் இருந்த ஒருவன் காறித் துப்பினான். உத்திராபதி திரும்பிப் பார்க்கவில்லை. பெரிய கறுப்புக் குடை. அதைப் பின்பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தார். யாரும் தடுக்கவில்லை.

ஜெக்கரியா ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே போனார். இது கவர்னர் மாளிகை. இது முதல் அச்சுக்கூடம் இருந்த பக்கம். இது பழைய தேவாலயம். வெள்ளைக்காரர்கள் தலையை அண்ணாந்து அண்ணாந்து பார்த்தார்கள். உத்திராபதிக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. வெறுங்கால். தெருவோ அடுப்புக்கல்லாகக் கொதித்தது. ஒவ்வொரு அடிக்கும் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். வீடுகள் எல்லாம் ஜன்னலை அடைத்துக்கொண்டு தூங்கின. ஒரு காக்கைகூடக் கத்தவில்லை.

தேவாலய மணி பன்னிரண்டு அடித்தது.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. பின்னால். தப்... தப்... தப்...

வெறுங்கால் நடக்கிற சத்தம்.

வெள்ளைக்காரர்கள் எல்லாரும் பூட்ஸ் போட்டிருந்தார்கள். கடைசியாக வருவது இவர்தான். இவருக்குப் பின்னால் யார்? காரில் இருந்து இறங்கிவிட்டார்களோ? மெதுவாகத் தலையைச் சாய்த்துக் குடையின் விளிம்புக்குக் கீழே பார்த்தார்.

இரண்டு கால்கள் தெரிந்தன. முழங்கால் வரை புழுதி. இடது கட்டைவிரலில் நகம் கிடையாது. சின்ன வயதில் கருக்கரிவாள் பட்டுப் போன நகம். பெற்றவனுக்கு அந்தக் கால் தெரியாதா!

"மாரி..." என்றார், உதடு அசையாமல்.

"ம்."

அவன் குரல்தான். உத்திராபதிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. எப்படியோ மோப்பம் பிடித்து, சந்து வழியாகக் கூட்டத்தில் கலந்துவிட்டான். கெட்டிக்காரப் பயல்.

"பின்னாடி கார்ல ஆளுங்க ஒக்காந்திருக்காங்கடா. திரும்பாத. அப்படியே எங்கூட வா. கடற்கரைக்குப் போயி மீனவர் தெருவுல பூந்துடலாம்."

"ம்."

"சாப்பிட்டியாடா?"

"ம்."

மறுபடி குனிந்து பார்த்தார். குடை தாழ்ந்திருந்ததால் இடுப்பு வரைக்கும்தான் தெரிந்தது. இடுப்பில் துண்டு. இறுக்கிக் கட்டியிருந்தான்.

அப்பாடா! என்றிருந்தது அவருக்கு. இத்தனை வருஷம் கெஞ்சியது வீண் போகவில்லை. உயிர் பயம் வந்ததும் பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது. இனிமேல் பிழைத்துக்கொள்வான். துண்டு இறங்கியதைப் பார்த்து அந்த மனுஷர் சந்தோஷப்பட்டார். சொல்லும்போதே தலையில் அடித்துக்கொண்டு அழுதார் என்னிடம்.

சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் அவர் கண்ணிலும் படாமல் இல்லை. இவர் கால் கொதித்துத் துள்ளியது. அந்தக் கால்கள் நிதானமாக நடந்தன. இளவட்டம், தாங்கும் என்று நினைத்துக்கொண்டார்.

குடைக்கு அடியில் வந்த அந்த வயசான வெள்ளைக்காரம்மா நடுங்கினார். அந்த வெயிலில், கைப்பையிலிருந்து ஒரு சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

நிழல் இருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். உச்சி. யாருக்குமே நிழல் இல்லை.

ஜெக்கரியா நின்றார். வஹாப் வீட்டு வாசல்.

பேசினார். நிறையப் பேசினார். பேசிக்கொண்டே உத்திராபதியைப் பார்த்தார். போங்க என்று கண்ணைக் காட்டினார்.

உத்திராபதி சிரித்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

ஜெக்கரியாவுக்குப் புரியவில்லை. "பெரியவரே, தண்ணி வேணும்னா இந்த வீட்ல கேளுங்க" என்றார் தமிழில், சத்தமாக.

"வேணாங்கய்யா. கெடைச்சிடுச்சு."

உள்ளே தாழ்ப்பாள் ஒன்றை லேசாகத் தூக்கிய சத்தம்... அப்புறம் மெதுவாக விழுந்த சத்தம். உத்திராபதி திரும்பக்கூட இல்லை. பிள்ளைதான் பின்னால் நிற்கிறானே!

கூட்டம் நகர்ந்தது.

தப்... தப்... தப்...

தெரு முடிந்தது. கோட்டை. அதற்கு அப்பால் கடல். காற்று குடையைப் பிடித்து இழுத்தது.

"வந்துட்டோம்டா" என்றார். குடையை மடக்கினார். திரும்பினார்.

யாரும் இல்லை.

நீளமாகத் தெரு. வெள்ளை வெயில். கோட்டைவாசல் வரைக்கும் தெரிந்தது.

கார் அங்கே இல்லை.

"ஐயா... எம் புள்ள எங்கய்யா? எம் பின்னாடி வந்தானே!"

ஜெக்கரியா முழித்தார். "யாரும் வரலையே பெரியவரே. நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டுத்தான வந்தேன். நீங்கதான் கடைசி."

இருவர் சொன்னதும் ஒத்துப் போகாத இடம் இதுதான். இன்றைக்கும் அவர் யாரும் இல்லை என்கிறார். இவர் இருந்தான் என்கிறார்.

உத்திராபதி ஓடினார். ஓடும்போதுதான் உறைத்தது. துண்டு. அவன் துண்டு. போலீஸ் ஸ்டேஷனுக்கே இழுத்துக்கொண்டு போனாலும் அதை இறக்குகிற பிள்ளையா அவன்?

வஹாப் வீட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே சோற்றுத் தட்டு கவிழ்ந்திருந்தது. சைத்தூன் பீவி நெற்றியில் ரத்தத்தோடு சுவரில் சாய்ந்து கிடந்தார். பேச்சு வரவில்லை. எதிர்வீட்டில்தான் சொன்னார்கள். வெள்ளைக்காரர் கூட்டம் அந்தப் பக்கம் போனதும் கார் வந்து நின்றது. இளவயதுப் பையன் ஒருவனை வாயைப் பொத்தித் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

உத்திராபதி பண்ணைக்கு ஓடி மிராசுதாரின் வாசலில் விழுந்து கதறினார். நாங்கள் யாரையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். போலீசிலும் அதையே எழுதிக்கொண்டார்கள். மாரியப்பன் உயிரோடும் வரவில்லை, உடம்பாகவும் வரவில்லை. கருமாதி செய்யலாம் என்று யாராவது சொன்னால் ராஜம்மாள் மண்ணை வாரித் தூற்றுவார்.

சைத்தூன் பீவிக்குப் பேச்சுத் திரும்ப மழைக்காலம் ஆகிவிட்டது. திரும்பியதும் தம்பியைக் கூட்டிக்கொண்டு உத்திராபதியின் ஊருக்கே வந்துவிட்டார். ராஜம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்புறம் உத்திராபதியைப் பார்த்துச் சொன்னார்.

"அன்னிக்கு நீங்க எங்க வாசல்ல நின்னத நாங்க ரெண்டு பேரும் பாத்தோங்க. நானும் ஒங்க புள்ளையும். ஜன்னல் இடுக்கு வழியா. நீங்க உள்ள வரலையேன்னு நான் தாழ்ப்பாளத் தூக்கிட்டேன். கூப்பிடலாம்னு."

உத்திராபதி தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் என் கையப் புடிச்சுக்கிட்டான். ஐஸ் மாதிரி இருந்துச்சு அவன் கை. தெருவையே பாத்துக்கிட்டிருந்தான். கண்ணு கொட்டல."

"என்னம்மா சொன்னான்?" என்றார் ராஜம்மாள்.

"'கூப்பிடாதீங்கம்மா'ன்னான். 'அப்பா கூடத்தான் நான் போயிக்கிட்டிருக்கேனே'ன்னான்."