பத்துக் கன்னியரும் ஒரு பாட்டில் எண்ணெயும்

கோயில் திருவிழாவுக்கு, பைபிளில் வரும் பத்துக் கன்னியர் உவமையை நாடகமாகப் போடுவது என்று, எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் முடிவானபோது, முதல் தட்டுப்பாடே கன்னியருக்குத்தான். என்னைத் தவிர வயசுப் பெண்கள் எல்லாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். கடைசியில் ஐம்பதைத் தாண்டிய பத்து அம்மாமார் வெள்ளைச் சேலை கட்டிக் கன்னியரானார்கள். சொல்லிக்கொடுக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்ததா, நானே போய்த் தலையை நீட்டினேனா என்பது வேறு விஷயம்.

கதை சின்னதுதான். மணவாளன் வரத் தாமதம். புத்தியுள்ள ஐந்து பேர் விளக்குக்கு எண்ணெய் வைத்திருக்கிறார்கள். மற்ற ஐந்து பேரிடம் இல்லை. கேட்டால், எங்களுக்கே போதாது, கடைக்குப் போங்கள் என்று விரட்டிவிடுகிறார்கள். அவர்கள் திரும்புவதற்குள் மணவாளன் வந்து, கதவும் அடைத்தாகிவிடும். நம் ஆத்துமாதான் மணவாட்டி, விழித்திருக்க வேண்டும் என்று சாமியார் வருஷாவருஷம் பிரசங்கம் வைப்பார். பாதி மாப்பிள்ளைகள் கப்பலில் இருக்கிற ஊர் இது. மணவாளன் தாமதமாவதைப் பற்றி எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

என்னுடையவனும் கப்பல்காரன்தான், எதிர்வீடு. வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் அம்மாவைத் தெருவே மாமி என்று கூப்பிடும்; நானும் கூப்பிடுவேன், கொஞ்சம் அதிக உரிமையோடு. ஆனால் ஒரு கல்யாணப் பந்தியில் கறி பரிமாறிய மாமி என் அம்மாவின் இலையில் வெறும் எலும்பாகப் பார்த்து வைத்தாள் என்று அம்மா அவளோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். இந்த லீவிலும் இருவரும் பேசாவிட்டால் அவன் கப்பலேறிவிடுவான், திரும்பி வருவதற்குள் என்னை வேறு எவனுக்காவது கட்டிக்கொடுத்துவிடுவார்கள்.

அதனால் அம்மாவைப் புத்தியுள்ள கன்னியாகவும் மாமியைப் புத்தியில்லாத கன்னியாகவும் போட்டேன். மணவாளன் வேஷம் அவனுக்கு. மேடையிலாவது பேசித்தானே ஆகவேண்டும்!

என் மூளையின் லட்சணம் ஒத்திகையில்தான் தெரிந்தது. "கடைக்குப் போங்கள்" என்கிற வசனத்தை அம்மா அப்படி ரசித்துச் சொன்னாள். பாத்திரம் விளக்கும்போதுகூட எதிர்வீட்டைப் பார்த்தே சொல்லிப் பழகினாள். மாமியின் முகம் நாளுக்கு நாள் இறுகியது. சாமியாரிடம் ஒத்துக்கொண்டுவிட்ட ஒரே காரணத்துக்காக வந்துபோனாள்.

திருவிழா அன்று சாயங்காலம் கோயில் மைதானம் நிறைந்திருந்தது. கடல் காற்றில் மாமியின் விளக்கு நிஜமாகவே அணைந்தது. அவள் அதை நீட்டிக்கொண்டு, "கொஞ்சம் எண்ணெய் தாங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது. அது நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும்.

அம்மா வாயைத் திறந்தாள். வசனம் வரவில்லை. கிண்ணத்தோடு வந்து நின்றவளை எண்ணெய் இல்லை என்று திருப்பி அனுப்பி எங்கள் தெருவில் யாருக்கும் பழக்கமில்லை. அம்மாவின் கை தானாகப் பாட்டிலைச் சாய்த்தது.

"நேராப் பிடி ஏளா, சிந்தப்போவுது."

அதைப் பார்த்து மற்ற நான்கு புத்தியுள்ள கன்னியரும் தாராளமாக ஊற்றினார்கள். முன்வரிசையிலிருந்து சாமியார் எழுந்தேவிட்டார். "குடுக்கக் கூடாதும்மா! நற்செய்தியில அப்படி இல்ல!"

"வந்து கேட்டவள எப்படி சாமி வெறுங்கையா அனுப்ப?" என்றாள் அம்மா, மைக்கிலேயே.

கூட்டம் விசிலடித்தது. பத்துப் பேரும் வாசலில் வரிசையாக நிற்க, யாருக்குக் கதவடைப்பது என்று தெரியாமல் மணவாளன் என்னைப் பார்த்து விழித்தான். எல்லோரையும் உள்ளே விடு என்று சைகை காட்டினேன்.

மாமி மட்டும் நகரவில்லை. "எண்ணெய் தந்துட்ட. ஒம் மவளயும் தாரியா?" என்றாள்.

அம்மா நிதானமாகப் பாட்டிலை மூடினாள். மணவாளனை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை.

"மேடையில வச்சா பொண்ணு கேப்பாவ? நாளைக்கு வீட்டுக்கு வா. இவ ஒன் வீட்டு ஜன்னலையே பாத்துப் பாத்து எனக்குத்தான் கழுத்து வலிக்கி."