ஒரு லோடு சீர்க்கல்

என் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீராக வந்தது ஒரு லாரி லோடு கல். நம்பமாட்டீர்கள் என்று தெரியும். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் என்றால் தாம்பாளம் தாம்பாளமாக வரும். பட்டுப்பாவாடை, பழம், வெல்லம், தங்கத் தோடு என்று ஊரே நின்று வாய் பிளந்து பார்க்கும். எனக்கு முதலில் மேளம் வந்தது. மேளத்துக்குப் பின்னால் லாரி வந்தது. லாரி நிறையச் சாம்பல் நிறக் கல். அதற்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு கதம்ப மாலையையும் போட்டு, மாமன் டிரைவர் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். சிரிக்காத ஆள் பாக்கியில்லை. நாலாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு எப்படி இருக்கும்? மாமன் மடியில் உட்கார்ந்து அழுதேன். காது வலியில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கல்லைக் கேட்டு வாங்கியதே அம்மாதான். "தோடெல்லாம் கடுகாட்டம் இருந்தாப் போதும். எனக்குக் கல்லாக் கொண்டாந்து எறக்கீரு" என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். மாமனுக்கு டவுன் பக்கம், சூரமங்கலம். கட்டடக் கல் செய்கிற ஒரு களத்தில் மேற்பார்வை வேலை. அக்கா சொன்னால் மறுபேச்சுப் பேசாத மனுஷன்.

கல் என்றால் செங்கல் இல்லை. இன்டர்லாக் கல். நடுவில் பெரிய பெரிய ஓட்டை. மேல்பக்கம் வரப்பு மாதிரி ஒரு மேடு, அடியில் அதே அளவுக்கு ஒரு பள்ளம். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் மேடு பள்ளத்துக்குள் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்துகொள்ளும். முதல் வரிசையை மட்டும் நூல் பிடித்து, மட்டம் பார்த்து, சிமெண்டில் பதித்துவிட வேண்டும். அதற்கு மேல் கலவையே தேவையில்லை, அடுக்கிக்கொண்டே போகலாம். கொஞ்சம் உயரம் வந்ததும் மூலை ஓட்டைகளில் கம்பி இறக்கி, சன்ன ஜல்லிக் காங்கிரீட்டை ஊற்றி இறுகவிட்டால், அப்புறம் யானை வந்து முட்டினாலும் அசையாது. ஊற்றுகிற வரைக்கும் அது வெறுமனே அடுக்கி வைத்த கல்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துக் கீழே வைத்துவிடலாம்.

எதற்கு இந்தக் கூத்தெல்லாம் என்று கேட்பீர்கள். அப்போது நாங்கள் பெரியப்பா வீட்டில் இருந்தோம். வீடு அவருடையது, கோழிப்பண்ணை அவருடையது, பேச்சும் அவருடையது. அப்பா போர்க்கிணறு போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போனால் திரும்பி வர மாசக்கணக்காகும். அம்மா விடியக்காலம் எழுந்தால் தீவனம் வைக்க, முட்டை பொறுக்க, பால் கறக்க என்று இருட்டுகிற வரை ஓட வேண்டும். கூலி கொடுக்கிற வேலையா இது? வீட்டு வேலைதானே! எங்களுக்கு விட்டிருந்தது முட்டை அட்டை அடுக்குகிற அறை. அதற்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. நேரம் காலம் இல்லாமல் பண்ணை ஆட்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து அட்டை எடுப்பார்கள். அம்மா புடவை மாற்ற வேண்டுமென்றால் நான் கதவில் முதுகைக் கொடுத்து நிற்பேன். எனக்கு அது ஒரு விளையாட்டு. அம்மாவுக்கு அப்படி இல்லை.

அப்பாவின் பங்கு என்று பேசி விட்டிருந்தது ஊர்க்கோடியில் ஒரு மேட்டுக்காடு. போன தடவை வந்தபோது அப்பா அதில் கருங்கல் அஸ்திவாரம் போட்டார். அண்ணனிடம் என்ன சொல்லிப் போட்டார் தெரியுமா? கோழிக்கொட்டாய் என்று சொல்லிப் போட்டார். என் அப்பாவின் வீரம் அவ்வளவுதான். போட்டுவிட்டு ரிக் ஏறிப் போய்விட்டார். லாரி வந்து மேட்டுக்காட்டில் நின்றபோதுதான் பெரியப்பாவுக்கு விஷயம் விளங்கியது.

"என்ன இதெல்லாம்?" என்றார்.

"சீருங்க" என்றாள் அம்மா.

பெரியப்பா ஒரு கல்லைத் தூக்கி ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்தார். "பொக்கைக் கல்லு. இதுல ஊடு கட்டுனா குடும்பமும் பொக்கையாத்தான் போகும். ஆடி பொறக்கறதுக்குள்ள செவுரு நின்னா ஊடு. நிக்கலீன்னா அதே அஸ்திவாரத்துல நான் கோழி உட்டுருவேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போனார். ஆடியில் யாரும் கட்டட வேலையைத் தொடமாட்டார்கள். மேஸ்திரியை அவர் மிரட்டினால் போதும், ஆனி தானாகக் கழிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

அதே மாதிரிதான் ஆனது. மேஸ்திரி வந்து சனிமூலையில் பூசை போட்டு, முதல் வரிசையைப் பதித்தார். மறுநாள் அவருக்கு முதுகுவலி. அதற்கு மறுநாள் மச்சான் வீட்டில் விசேஷம். அதற்கப்புறம் அவர் எங்கள் காட்டுப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. அம்மா அப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் வழக்கம்போல, "அண்ணன் சொல்றதைச் சித்தெ அனுசரிச்சுப் போயேன்" என்றார்.

"நீங்க அங்க போரு போடுங்க சாமி. ஊட்டை நான் கட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அம்மா போனை வைத்தாள். சாமி என்று அவள் சொன்ன சொல்லில் கொஞ்சமும் பக்தி இல்லை.

பண்ணை வேலைக்கு அன்றோடு முழுக்குப் போட்டாள். நானும் அவளுமாக அடுக்க ஆரம்பித்தோம். அம்மா கல்லை வைப்பாள், நான் அரைக்கல் எடுத்துக் கொடுப்பேன். ஒரு வரிசையில் மூட்டு வந்த இடத்தில் அடுத்த வரிசையில் மூட்டு வரக்கூடாது. அதற்குத்தான் அரைக்கல். இதெல்லாம் மாமன் போனில் சொல்லிக் கொடுத்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பையை வேலியில் மாட்டிவிட்டு ஓடிவருவேன். சீரில் கல் வாங்கியவள் என்று கேலி பேசின பிள்ளைகளிடம், "ஆமா, உன் தோட்டை அடுக்கி ஊடு கட்டு பார்க்கலாம்" என்று கேட்டேன்.

சுவர் என் இடுப்பு உயரம் வந்தபோது பெரியப்பா அதைப் பிரித்துப்போடச் சொல்லிவிட்டார். கடப்பாரை எடுத்து நாலு போடு போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். போட முடியாது. அது சீர்ப்பொருள். பெண் பிறந்த வீட்டிலிருந்து மஞ்சள் வைத்து வந்த சாமானைப் பங்காளி உடைத்தான் என்றால் அந்தப் பேச்சு ஏழு ஊருக்குப் போகும். அவருக்கும் மூன்று பெண்கள், நாளைக்குச் சீர் கொண்டுவர ஆள் வேண்டும். பங்காளி வீட்டு ஆண்பிள்ளை கை அதில் படுவதே பிசகு. அதனால் பெரியம்மாவை அனுப்பினார்.

பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் வாயைத் திறந்தால் காக்காய்கூட அடுத்த மரத்துக்குப் போய்விடும். அன்றைக்கு நான் பள்ளியிலிருந்து வரும்போது தலைமுண்டு கட்டிக்கொண்டு சுவரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "தனி ஊடு கேக்குதா உனக்கு? டவுனுக்காரி புத்தி போகுமா? குடியக் கெடுக்க வந்தவளே" என்று அவள் போட்ட சத்தம் பண்ணை வரைக்கும் கேட்டிருக்கும். அம்மா ஒரு ஓரமாக நின்று பார்த்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"பிரிங்க. நல்லாப் பிரிங்க. நாங்க மறுக்கா அடுக்குவோம்" என்றேன்.

"வாயைப் பாரு வாயை. அம்மாக்காரி பொறந்திருக்கா" என்றாள் பெரியம்மா.

அவள் போனதும் நாங்கள் அடுக்கினோம். சீக்கிரமே அடுக்கிவிட்டோம். ஏனென்றால் முழுக்கல் ஒரு பக்கம், அரைக்கல் ஒரு பக்கம், மூலைக்கல் தனியாக என்று, மேடு மேலே பார்க்கிற மாதிரி அவள் வரிசையாக வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஒரு கல்லில் ஒரு சில்லுகூடப் போகவில்லை. பெரியம்மா எவ்வளவு பெரிய முட்டாள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. நூலைப் பிடி என்றாள்.

பெரியம்மா மறுபடி வந்தாள், பிரித்தாள். நாங்கள் மறுபடி அடுக்கினோம். ஆனி மாசம் பூராவும் இதே கூத்துத்தான். ஊர் வேடிக்கை பார்த்தது. பிரிக்கப் பிரிக்க எங்கள் கைக்கு வேகம் வந்தது. எந்தக் கல் எங்கே உட்காரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் அடுக்கிக்கொண்டே இருந்தால் ஆகுமா? ஊற்ற வேண்டுமே! எங்கள் ஊர் சிமெண்டுக் கடைக்காரர் பெரியப்பாவின் சேக்காளி. அம்மா போய்க் கேட்டால் சரக்கு இல்லை என்பார். மூட்டைகள் அவர் முதுகுக்குப் பின்னாலேயே அடுக்கியிருக்கும். "அதா, அது என்னங்க?" என்று அம்மா கேட்டாள். அவர் அண்ணாந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஆடி பிறக்க இரண்டொரு நாள் இருக்கும்போது மாமன் சிமெண்டும் ஜல்லியும் கம்பியும் ஏற்றிக்கொண்டு ஒரு டெம்போவில் வந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும் கலந்தோம். சட்டியில் அள்ளி அள்ளி மூலை ஓட்டைகளில் ஊற்ற, மாமன் ஒரு கம்பியால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றினார். கதவு நிலை வைக்க இடம் விட்டு அதன் இரண்டு பக்கமும் ஊற்றினோம். முடிந்ததும் களத்தில் வேலை இருக்கிறது என்று மாமன் டெம்போவிலேயே கிளம்பிவிட்டார். "பொழுதெறங்கற வரைக்கும் ஆரும் கை வெக்காமப் பாத்துக்கக்கா. அதுக்கு மேல ஆராலும் ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டெம்போ போன புழுதி அடங்கவில்லை, பெரியம்மா வந்துவிட்டாள். ஊற்றின சேதி பண்ணைக்குப் போய், இறுகுவதற்குள் பிடுங்கிப் போட்டுவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறார் பெரியப்பா. ஈரக் காங்கிரீட்டோடு கல்லைப் பிரித்துவிட்டால் போச்சு. ஓட்டையெல்லாம் அடைத்துக்கொள்ளும், அந்தக் கல் அதற்கப்புறம் எதற்கும் உதவாது. ஓடிப்போய்ச் சுவர் மூலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை என்னைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் தொட முடியும் என்று நின்றேன்.

பெரியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுவரைச் சுற்றி வந்தாள். "இது எந்நேரத்துக்குடி எறுகும்?" என்று கேட்டாள்.

"பொழுதெறங்கறதுக்குள்ள எறுகீரும். உங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன்.

அவள் வேலாமரத்து நிழலில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்து ஆரம்பித்தாள் பாருங்கள். அப்படி ஒரு வசவை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அம்மாவின் அப்பன், ஆத்தாள், பிறந்த ஊர், வளர்ந்த வளர்ப்பு, என் முழியில் தெரிகிற கொள்ளிப் பார்வை என்று ஒன்றையும் விடவில்லை. நடுநடுவே எழுந்து வந்து, மிச்சம் கிடந்த இரண்டு கற்களை எடுத்து ஒன்றோடொன்று டொக்கு டொக்கென்று மோதுவாள். மறுபடி போய் உட்காருவாள். ஆத்திரத்தில் செய்கிறாள் என்று நினைத்தேன். எங்கள் காட்டுக்கும் பண்ணைக்கும் நடுவில் மக்காச்சோளம் ஆளுயரம் நின்றது. பண்ணையிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, சத்தம் மட்டும் நன்றாகக் கேட்கும்.

எனக்கு அம்மா மேல்தான் கோபம். கடைக்காரரையே மடக்கிக் கேட்டவள், இவளுக்கு ஒரு பதில் சொல்லக்கூடாதா? அம்மா பாட்டுக்குச் சுவருக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். உச்சி வெயிலில் ஒரு சொம்பு மோர் கொண்டுபோய்ப் பெரியம்மா பக்கத்தில் வைத்தாள். "உன்ற மோரை ஆரு குடிப்பா" என்று பெரியம்மா கத்தினாள். கத்திவிட்டு, மடமடவென்று குடித்துவிட்டு, சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். மான ரோசம் இல்லாத ஜென்மம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெயில் சாய்ந்தது. பெரியம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. எழுந்து வந்து மூலையில் காங்கிரீட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். பள்ளம் விழவில்லை. இன்னொரு மூலைக்குப் போய் அங்கேயும் அழுத்தினாள். வாசலுக்கு விட்ட இடத்தில் கொஞ்ச நேரம் நின்று, உள்ளே எட்டிப் பார்த்தாள். வெறும் மண்தரையும் நாலு பக்கம் சுவரும்தான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் சீலையில் ஒட்டியிருந்த புழுதியைத் தட்டிவிட்டு, "எறுகிப்போச்சு. இனி என்னத்தப் பண்றது" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

அவள் மக்காச்சோளத்துக்கு நடுவில் போகிற தடத்தில் இறங்கி நடந்தாள். நான் சுவர் மேல் ஏறி நின்றுகொண்டு கைதட்டினேன். "தோத்துட்டாங்க, தோத்துட்டாங்க" என்று கத்தினேன். அம்மா என்னைப் பிடித்துக் கீழே இறக்கினாள். இறக்கிவிட்டு, அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. நாங்கள்தானே ஜெயித்திருந்தோம்!

அன்றைக்கு முழுக்க ஒருத்தி எங்கள் சுவருக்குக் காவல் உட்கார்ந்திருந்தாள் என்பதோ, வெறுங்கையோடு போய்ப் பெரியப்பா முன்னால் அவள் தனியாக நிற்க வேண்டும் என்பதோ, அந்த வீட்டை விட்டால் அவளுக்குப் போக வேறு இடமே இல்லை என்பதோ அந்த வயதில் எனக்குத் தெரியாது.